கண் மேற்கே போனால்

கயலுக்கு,

மூன்று தடவை கூப்பிட்டேன், வேலையாக இருந்திருப்பாய். ஆகஸ்ட் வரப்போகிறதே என்றுதான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

வெள்ளக் காப்பீடு எடுத்தாயா? சாதாரண வீட்டுக் காப்பீட்டில் கடல்நீர் சேராது. அரசாங்கத் திட்டம் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயலைப் பார்த்துவிட்டுக் கட்டினால் வீண்.

நம் பக்கத்துப் புயல் பெரும்பாலும் மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் ஆடி அசைந்து வரும். கூண்டு ஏற்றிவிட்டு இரண்டு நாள் பேசிக்கொண்டிருப்போம். நீ இருக்கும் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் அதற்கு நேரமில்லை. 1938 செப்டம்பர் 21 காலை புயல் எங்கேயோ தெற்கே, வட கரோலினாவின் கேப் ஹட்டரஸுக்கு அப்பால் கடலில் இருந்தது, சாயங்காலம் உங்கள் தலைநகர் பிராவிடன்ஸின் கடைவீதி தண்ணீருக்குள். நகர்ந்த வேகம் மணிக்கு 75 கிலோமீட்டருக்குக் கிட்ட. வடக்கே நகரும் புயலின் நடுமையமான கண்ணுக்கு வலப்பக்கம், அதாவது கிழக்கே, அந்த வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்ளும். அதனால் கண் உனக்கு மேற்கே, கனெக்டிகட் வழியாகப் போகிறது என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதே, கிளம்பு. தெற்குக் காற்று நாரகன்செட் வளைகுடாவுக்குள் நீரைத் தள்ளும். வடக்கே போகப் போக வளைகுடா புனல் மாதிரி குறுகுவதால் நீர் ஏறும். 1954-இல் கேரல் புயல் வந்ததும் அப்படித்தான். 1991-இல் பாப் புயல் வளைகுடா வாயிலுள்ள நியூபோர்ட்டிலேயே கரையேறியதால் நீரின் உக்கிரம் கிழக்கே பஸர்ட்ஸ் வளைகுடாவுக்குப் போனது. 'பாபையே பார்த்துட்டோம்' என்பவர் பேச்சைக் கேட்காதே.

அம்மா உன் வீட்டுப் படத்தைத் தெருவுக்கே காட்டிவிட்டாள். படம் அனுப்பத் தெரிகிறது, பேசத்தான் நேரமில்லை. செருப்பு ஸ்டாண்டில் உன் செருப்பு மட்டும்தான் இருக்கிறது என்றாள். நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். டேப் ஒட்டுவதால் பயனில்லை. 5/8 அங்குல பிளைவுட்டை இப்போதே அளந்து வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் போட்டு வை. முழுப் பலகை 25 கிலோ இருக்கும், ஏணிமேல் ஒருத்தி தூக்கக் கூடாது. யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

பேஸ்மெண்டில் உள்ள, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியைப் பட்டை போட்டுத் தரையோடு கட்டு. காலியாக இருந்தால் மிதந்து குழாயைப் பிய்த்துவிடும், அப்புறம் வீடு முழுக்க எண்ணெய்தான். சீசன் முடியும்வரை நிரப்பியே வை.

ஃபாக்ஸ் பாயிண்ட் வெள்ளத் தடுப்பு இருக்கிறதே, பயமில்லை என்று இந்த வீட்டை வாங்கச் சொன்னவன் நான். 1966-இல் முடித்த 25 அடித் தடுப்பு அது, பிராவிடன்ஸ் நகர மையத்துக்கு மட்டும். உன் ஊர் வார்விக் அதற்குத் தெற்கே, கடல் பக்கம். வரைபடத்தைப் பார்க்காமல் சொன்னேன். பொங்கலன்று நீ "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் இருபது நிமிஷம் பேஸ்மெண்ட் தண்ணீரை இறைக்கும் சம்ப் பம்பு பற்றிப் பேசினேன். நீயும் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

என்ன சொல்ல வந்தாய்?

ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். காப்பீட்டுக்கு 30 நாள், மறக்காதே.

அப்பா