தைத்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களின் கைவேலைப் பக்கத்தில் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகளின் படம் வந்தால் விடமாட்டேன், கண்ணருகே வைத்துப் பார்ப்பேன். கீழே 'கண்ணைக் கவரும் கைவண்ணம்' என்று ஒரு வரி இருக்கும். யார் தைத்தது, என்ன துணி, எத்தனை நாள் வேலை என்று ஒன்றும் இருக்காது. நானும் இப்படிப்பட்ட போர்வை, அதாவது குயில்ட், தைக்கிறவள் என்பதால் இது மனதை உறுத்துகிறது.

தைக்கிறவர்களே எழுதிவைத்தால்தானே பத்திரிகை போட முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். என்னை எழுதவைத்தவள் என் தோழி. அவளுக்கு ஊசியில் நூல் கோப்பதோடு சரி. ஆனால் நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். "ஏன்டி, ஓரத்துல ஆரம்பிக்காம நடுவுல தைக்கிறே?" மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றும் தைக்கத் தைக்க நகரும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் தொய்வெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு சுருக்கம் விழுந்துவிடும். நடுவிலிருந்து போனால் அதை வெளியே தள்ளிக்கொண்டே போகலாம். சொல்லி முடித்ததும், "இப்போ சொன்னியே, அதையே எழுது" என்று நோட்டை நீட்டினாள். அப்படித்தான் எழுதப் பழகினேன், பழகிக்கொண்டும் இருக்கிறேன்.

படம் எடுக்கவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஃபிளாஷ் போட்டால் போர்வை தட்டையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி விரித்தால் ஒவ்வொரு தையலும் அமுக்கிய பள்ளம் நிழலோடு தெரிகிறது. பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்வாள். தையலின் சீர் அங்கேதான் தெரியும் என்பதால் அதில் எனக்கும் முழுச் சம்மதம்.

எழுதிவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளை உருவங்களாக வைத்துத் தைத்த குயில்ட்டை, ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை 1886இல் ஒரு கண்காட்சியில் பார்த்தார். 1891இல், பணநெருக்கடியால் பவர்ஸ் அதை அவருக்கு விற்றார். 11 கட்டங்களிலும் இருக்கும் கதைகளைப் பவர்ஸ் சொல்ல, ஜென்னி குறித்துக்கொண்டார். இன்று அந்தப் போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் எந்த உருவம் யார், எந்தக் கதை என்று நாம் ஊகித்துக்கொண்டிருப்போம். பவர்ஸ் காலத்தில் எத்தனையோ பெண்கள் தைத்தவை 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்ற அட்டையோடுதான் கிடக்கின்றன.

குயில்ட் தைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர், ஆண்டு, துணி வகை, யாருக்காகத் தைத்தது ஆகியவற்றை ஒரு சிறு பருத்தித் துண்டில் எழுதியோ எம்பிராய்டரி செய்தோ அடித்துணியின் மூலையில் தைத்துவிடுங்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு முன்பே இதைச் செய்தால் போர்வைத் தையல் அதன்மேலும் ஓடும். பிறகு யாரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. எழுத வராதவர்கள் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இனி இப்படிப் படங்கள் வெளியிடும்போது தைத்தவர் பெயரோடு துணி, தையல் பற்றி நான்கு வரியாவது சேருங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
குயில்ட் தைக்கும் ஒரு வாசகி