ஸ்வானை மறந்துவிட்டோமே

ஆசிரியருக்கு,

மின்விளக்கு என்றாலே எடிசன் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இங்கிலாந்தின் நியூகாசிலில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோசப் ஸ்வானை யார் சொல்வது? 1850 வாக்கிலேயே விளக்குக்குள் ஒளிரும் கார்பன் இழையோடு மல்லுக்கட்டத் தொடங்கியவர் அவர். குமிழுக்குள் மிச்சமிருந்த காற்று இழையைக் கருக்கிவிட, நல்ல வெற்றிடப் பம்பு வரும்வரை காத்திருந்தார், பாவம்.

1881-இல் லண்டன் சவாய் அரங்கில் சுமார் 1,200 ஸ்வான் விளக்குகள் எரிந்தன. தீப்பிடிக்குமோ என்ற பயத்தைப் போக்க, எரியும் விளக்கொன்றை மஸ்லின் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்துக் காட்டினார் அரங்க உரிமையாளர். துணி கருகவேயில்லை!

1883-இல் பிரிட்டனில் இருவர் கம்பெனிகளும் ஒன்றாயின, பெயரே 'எடிஸ்வான்'தான்.

– ஒரு வாசகர், மதுரை