சோழகங்கத்தைத் தூர்வாரும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கம் ஏரியை, ஊரார் வழக்கில் பொன்னேரியை, தூர்வாரிச் சீரமைப்பதை வரவேற்கிறோம். ஆனால் பொக்லைன் இறங்காத இடங்களிலாவது ஏரியின் கரை, வாய்க்கால், மதகு பற்றிய ஆவணப்பதிவை முதலில் முடித்துவிட வேண்டும். 2004-இல் உலக மரபுச் சின்னமானது கோயில்தான். சட்டப்படி 100 மீட்டர் தடைப் பகுதியும் அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதியும் கோயிலைச் சுற்றியே அமைகின்றன. இராசேந்திர சோழனின் கங்கை வெற்றிக்கு நீராலான தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடும் ஏரியோ அந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

கரை 16 மைல் நீளம், கொள்ளிடத்திலிருந்து 60 மைல் கால்வாய், வெள்ளாற்றிலிருந்து மற்றொன்று என்பவை 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் தரும் செய்தி. மேடைக்கு மேடை சொல்லப்படும் இந்த எண்களைக் கரையோடு நடந்து அளந்துதான் சரிபார்க்க முடியும்.

தாலுகா அலுவலகத்தில் தொடங்கலாம். பழைய கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்தின் அளவு காட்டும் புல வரைபடம், புல எண்வாரியாக நில விவரம் சொல்லும் 'அ' பதிவேடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டா நிலங்களுக்கு நடுவே ஒல்லியாக நீளும் புறம்போக்குத் துண்டுகள் பல நேரம் தூர்ந்துபோன வாய்க்காலின் தடம். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் புல எண்கள் மாறியிருக்கலாம் என்பதால், பழைய எண், புதிய எண் ஒப்புப் பட்டியல் இல்லாமல் இதில் இறங்கினால் தடம் பக்கத்து வயலுக்குப் போய்விடும். பழைய வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது கோயிலை மட்டும் அடையாளப் புள்ளியாகப் பிடித்துக்கொண்டால் ஓரங்கள் முறுக்கிக்கொள்ளும். மூன்று கிராம எல்லைகள் கூடும் கற்களில் குறைந்தது ஆறையாவது, நாலாபுறமும் பரவலாக, எடுத்துக்கொள்ள வேண்டும். 1960-களின் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. புதுக் கட்டடங்களும் சாலைகளும் வருவதற்கு முந்தைய நிலத்தை அவற்றில் பார்க்கலாம்.

ட்ரோன் படம் எடுக்கச் சித்திரை, வைகாசிதான் ஏற்ற காலம். நீர் வற்றி, புல் கருகியிருக்கும். படங்கள் நீளவாக்கில் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் மரத்தின் தலையையே கணினி தரைமட்டமாக எடுத்துக்கொள்ளும். அங்கே 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வீதம் லெவல் கருவியால் அளப்பதே வழி. கரைச் சரிவை வெட்டி லாரிக்குப் பாதை போட்டுவிட்டால் அந்த அளவும் கிடைக்காது.

வண்டல்தான் பெரிய கவலை. ஏரியின் அடித்தரை வரை ஒரு மீட்டர் அகலக் குழி சிலவற்றை வெட்டி, அடுக்குகளை வரைந்துகொள்ள வேண்டும். மணலின் வயதைக் கணிக்கும் மாதிரியை வெளிச்சம் படாதபடி இரும்புக் குழாயில் அடித்து எடுக்க வேண்டும். வெயில் பட்டால் அந்த மாதிரியால் பயனில்லை. அள்ளிய மண் எந்தப் புல எண்ணுக்குப் போகிறது என்ற பதிவும் கட்டாயம். ஏரி மண்ணோடு வயலுக்குப் போகும் பானை ஓடுகளை நாளை கள ஆய்வு செய்பவர் பொறுக்கினால், இல்லாத குடியிருப்பு ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும்.

பழைய மதகுக் கற்களைக் கான்கிரீட் மூடும் முன் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். ஆனால் கல் இருக்கும் இடமே அதன் சொந்த இடம் என்று முடிவுகட்டக் கூடாது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட இந்தக் கோயிலின் மதில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போன ஊர் இது.

மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி ஆகிய பெயர்கள் எல்லோரும் அறிந்தவை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வயற்பெயர்களும் மடைப்பெயர்களும் முதிய விவசாயிகளிடம்தான் இருக்கின்றன. அவற்றைச் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்து, புல எண்ணோடு வரைபடத்தில் தனி அடுக்காக வைக்க வேண்டும். பெயரை வைத்தே 'இங்கே படைக்கொட்டில் இருந்தது' என்று வரைபடத்தில் எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்கு அகழாய்வுச் சான்று வேண்டும்.

தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே இந்தப் பதிவுக்குத் தனிச் செலவினமும், ஒரு கோடைக்கால அவகாசமும் ஒதுக்குமாறு நீர்வளத் துறையையும் மாநிலத் தொல்லியல் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஜெயங்கொண்டம்.