கல்யாணம் செய்தால் உடற்குறை குறைந்துவிடுமா?

சிங்கப்பூரின் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் வணக்கம்.

உடற்குறையுள்ள ஒருவர் கல்யாணம் செய்துகொண்டு வீடு மாறும்போது, அவருடைய பராமரிப்புக்கு வரும் உதவியைப் புது வீட்டாரின் சம்பளத்தைப் பார்த்துக் குறைக்காதீர்கள். நான் கேட்பது இது ஒன்றுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கைக்கு வயது 34. சின்ன வயதிலேயே தசைச் சிதைவு நோய் வந்துவிட்டது. குளிக்க, உடை மாற்ற, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற, மூன்றுக்கும் ஆள் துணை வேண்டும். ஈசூனில் அப்பா, அம்மா, தம்பியோடு இருக்கிறாள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் தம்பியுடையது, 3,600 வெள்ளி. நான்கு பேருக்கு வகுத்தால் தலைக்கு 900 வெள்ளி.

அவளுக்குப் பிடித்த ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இவளை உயிர். இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது. அவர் சம்பளம் 3,800 வெள்ளி. இருவரும் தனியாக ஒரு வீடு எடுத்துப் போனால் 3,800ஐ இரண்டால் வகுக்க வேண்டும், தலைக்கு 1,900 வெள்ளி. சரி, தனிக்குடித்தனம் வேண்டாம், உட்லண்ட்ஸில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றால் அங்கே மாமனாருக்குப் பகுதிநேரப் பாதுகாவலர் வேலையில் 1,800 வெள்ளி, கொழுந்தனுக்கு 6,500 வெள்ளி. மாமியார் வீட்டில் இருக்கிறார். மூன்று சம்பளத்தையும் கூட்டி ஐந்து பேருக்கு வகுத்தால் தலைக்கு 2,420 வெள்ளி.

தங்கை அதே தங்கைதான். அவள் கையில் ஒரு வெள்ளிகூடக் கூடுதலாக வரவில்லை. அவள் தசைகளில் புதிதாக எந்த வலுவும் ஏறவில்லை. ஆனால் நீங்கள் பார்க்கும் காகிதத்தில் அவள் 900 வெள்ளிக் குடும்பத்திலிருந்து 1,900க்கோ 2,420க்கோ போய்விடுகிறாள். வீட்டில் வைத்துப் பராமரிக்க மாதாமாதம் நீங்கள் தரும் இல்லப் பராமரிப்பு மானியத்தில், தலைக்கு வரும் வருமானம் ஒரு படி ஏறினால் மானியம் ஒரு படி இறங்கும். முழுசாக நின்றுவிடாது, அது எனக்குத் தெரியும். குறையும்.

அந்த மானியத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளி என்று தொடங்கினீர்கள். பிறகு 400 ஆனது. 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 வெள்ளி, தலைக்கு 4,800 வெள்ளி வரை வருமானம் உள்ள குடும்பங்களும் பெறலாம் என்று அறிவித்தீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது. பராமரிப்பு என்றால் என்ன என்று புரிந்தவர்கள் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லட்டுமா? காலையில் அம்மா முதலில் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, ஆட்டிப் பார்ப்பார். தங்கையை ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கடியில் துணியைச் செருகி, மறுபக்கம் புரட்டி அதை இழுத்து விடுவார். பிறகு உட்காரவைக்க வேண்டும். முழங்கை எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லையா என்று பார்த்துவிட்டு, அம்மாவும் அவளும் சேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்ன பிறகுதான் அம்மா தூக்குவார். உட்கார்ந்த பிறகும் வேலை முடியாது. பாதம் இரண்டையும் மிதிப்பலகையில் ஒவ்வொன்றாக வைத்து, விரல்களைத் தடவிப் பார்ப்பார். ஒரு விரல் மடங்கியிருந்தாலும் அதை அவளால் இழுத்துக்கொள்ள முடியாது, மத்தியானம் வரை வலித்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு வயது 63.

இந்த வேலைக்கு இதுவரை யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அம்மா செய்கிறார், அவ்வளவுதான். கல்யாணமாகிப் போகும் வீட்டில் அம்மா இருக்க மாட்டார். மாப்பிள்ளைக்குக் காலை ஷிஃப்ட், ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். ஆக, பணிப்பெண் ஒருவரை வைத்தே ஆக வேண்டும். ஏஜென்ட் கட்டணம், மாதச் சம்பளம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் புதுச் செலவு. செலவு ஏறுகிற அதே மாதத்தில் மானியம் இறங்குகிறது. இதை எழுதும்போதே எனக்கு மனசு ஆறவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் பேசப் போயிருந்தபோது அவருடைய அம்மா, "அவளுக்கு வர்ற காசு, நம்ம வீட்டுக்கு வந்தா குறைஞ்சிடுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் கணவரின் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் பதில் சொல்வதற்குள் தங்கையே, "குறையும், அத்தை" என்றாள். அங்கே யாரும் தப்பாக எதுவும் பேசவில்லை. ஆனாலும் ஒரு பெண் தன் கல்யாணப் பேச்சில், தான் வந்தால் எவ்வளவு குறையும் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வருமானத்தைச் சரிபார்க்க வீட்டிலிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரின் ஒப்புதலும் தேவை. நேற்று வரை முகமே தெரியாத கொழுந்தனிடம் போய், "என் மானியத்துக்காக உங்கள் சம்பளத்தைப் பார்க்க அனுமதி கொடுங்கள்" என்று புது மருமகள் கேட்க வேண்டும். அவர் கொடுப்பார், நல்ல பிள்ளைதான். ஆனால் அவருக்கும் நாளைக்கு ஒரு குடும்பம் வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய 6,500 வெள்ளியிலிருந்து அண்ணிக்கு டயப்பர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கொடுக்கவும் மாட்டார், நாங்கள் எதிர்பார்க்கவும் மாட்டோம். காகிதத்தில் மட்டும் அவர் கொடுப்பதாகக் கணக்கு.

குடும்பம்தான் முதலில் தாங்க வேண்டும், பொதுப் பணம் மிகவும் முடியாதவர்களுக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கொள்கை. அதை நான் மதிக்கிறேன். எங்கள் குடும்பம் 34 வருடமாகத் தாங்கிக்கொண்டுதான் வருகிறது. மாப்பிள்ளையும் தாங்கத் தயார்தான். கல்யாணத்தால் சில வழிகள் திறக்கின்றன என்பதும் உண்மை. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கும் மெடிசேவ் கேர் திட்டத்தில் கடும் உடற்குறை உள்ளவர் தன் கணக்கிலிருந்தோ கணவரின் கணக்கிலிருந்தோ மாதம் 200 வெள்ளி வரை எடுக்கலாம். வருமான வரியில் மனைவிக்காகக் கொடுக்கும் கழிவு 2,000 வெள்ளி, மனைவி உடற்குறையுள்ளவர் என்றால் 5,500 வெள்ளி. உடற்குறையுள்ள துணைவரோடு வாழக் கூடுதல் செலவாகும் என்பதை வரி கட்டும் இடத்தில் அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறதே. மானியம் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஏன் துணை கிடைத்ததையே வசதி வந்ததாகப் பார்க்க வேண்டும்?

வேறு மாதிரி செய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் திட்டங்களிலேயே வேறு மாதிரி இருக்கிறது. 2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில், குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, இடம் மாறுவது என்ற ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதா என்று மட்டும்தான் பார்க்கிறீர்கள். மாதம் 600 வெள்ளியில் தொடங்கிய திட்டம் அது. தொகை கொடுக்கும்போது யாரோடு இருக்கிறாய், அவருக்கு என்ன சம்பளம் என்று கேட்பதில்லை. அது சந்தா கட்டும் காப்புறுதி, இது மானியம் என்பீர்கள். சரி, பணிப்பெண் வைத்திருப்பவர் அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தீர்வையை எடுத்துக்கொள்வோம். உடற்குறையுள்ளவரைப் பராமரிக்க வைத்திருந்தால் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. அதற்குச் சந்தா கிடையாது, வீட்டு வருமானமும் கேட்பதில்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்கான வேலைநலன் துணை வருமானத் திட்டத்தில் துணைவரின் ஆண்டு வருமானம் 70,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்கள். அங்கே மாமனார் சம்பளமும் கொழுந்தன் சம்பளமும் கணக்கில் வருவதில்லை. மூன்றும் நன்றாகத்தான் நடக்கின்றன.

இப்போதைய விதி மக்களை எங்கே தள்ளுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒரே முகவரியில் இருக்கும், ரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்து எடுத்ததாலோ சொந்தமானவர்கள்தான் குடும்பம் என்று கணக்கு. அப்படியானால் பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் மானியம் குறையாது. பதிவு செய்துவிட்டு அடையாள அட்டையில் அம்மா வீட்டு முகவரியையே விட்டுவைத்தாலும் குறையாது. வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம், எனவே இரண்டாவது குற்றம். முதலாவது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியமில்லை. நேர்மையாக, திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின்படி பதிவு செய்து, ஒழுங்காக முகவரியை மாற்றுகிற ஜோடிக்குத்தான் நஷ்டம். குடும்பங்களைப் பலப்படுத்துவோம் என்று சொல்லும் அமைச்சு இப்படி ஒரு விதியை விரும்பி வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. யாரும் கல்யாணத்தை நினைத்து இதை எழுதவில்லை என்றுதான் தோன்றுகிறது. உடற்குறையுள்ளவர் கடைசி வரை அப்பா அம்மாவோடுதான் இருப்பார் என்று எண்ணிவிட்டார்கள்.

ஆனால் நாடு அப்படி எண்ணவில்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2012இல் கையெழுத்திட்டு 2013இல் உறுதிசெய்தது. அதன் 23ஆம் பிரிவு, திருமணம் செய்து குடும்பம் அமைத்துக்கொள்ளும் உரிமை உடற்குறையுள்ளவருக்கும் உண்டு என்கிறது. 2022இல் வெளியான, உடற்குறையுள்ளோருக்கான 2030 பெருந்திட்டம் வேலை, பயிற்சி, சுயமாக வாழ்வது என்று நிறையப் பேசுகிறது. சுயமாக வாழ்வதில் கல்யாணமும் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்னச் செலவுக்கும் கணவரிடம் கையேந்தாமல் இருப்பதும் ஒன்று.

இல்லப் பராமரிப்பு மானியத்துக்கும், சக்கர நாற்காலி போன்ற சாதனங்கள் வாங்க உதவும் நிதிக்கும் உடற்குறையுள்ள பெரியவரின் சொந்த வருமானத்தை மட்டும் பாருங்கள். அது இப்போதைக்கு முடியாதென்றால் துணைவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மாமனார், கொழுந்தன், நாத்தனார் வேண்டாம். அதோடு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் இரண்டு வருடமாவது பழைய தொகையைத் தொடருங்கள். பணிப்பெண் பழகி, குளியலறையில் கைப்பிடி பொருத்தி, சாய்தளம் போட்டு, வீடு ஒரு நிலைக்கு வர அவ்வளவு காலம் ஆகும்.

இதையெல்லாம் ஆராயக் காலம் வேண்டும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீடு மாறினால் எது குறையும், எது மாறாது, எது புதிதாகக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே ஒரே இடத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், தமிழிலும் காட்டுங்கள். நாங்கள் விசாரித்த ஓர் அலுவலகத்தில், முகவரியை மாற்றி விண்ணப்பித்த பிறகுதான் தொகை தெரியும் என்றார்கள். முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, வீடும் மாறிய பிறகு தெரிந்து என்ன பயன்? சமூகச் சேவை அலுவலகத்திலோ ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் முகப்பிலோ இந்தக் கணக்கைச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். என் தங்கையும் மாப்பிள்ளையும் முதல் ஆளாக வந்து உட்காரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஓர் அக்கா