வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். நமது வட்டத்தின் நடப்பாண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை முடிந்தது. கதை சொல்லும் நாளும் ஓவிய நாளும் வழக்கம்போல் நடந்தன. அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று.

மற்றபடி இந்த ஆண்டின் பெரிய வேலை, பிள்ளைகள் கணினியில் தமிழ்க் கதை படிக்கும் கணினி வாசிப்பு மூலைதான். சென்ற பொதுக்குழுவில் எல்லோரும் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம் அது. இப்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. சின்னப் பிள்ளைகளைத் திரைக்குப் பழக்கிக் கெடுக்கிறோம் என்று ஒரு பேச்சு. இத்தனை கணினி இருந்தும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் பதில் சொல்லும் கடமை செயலாளருக்கு உண்டு. அதனால் இந்தப் பகுதி நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நன்கொடையாக வந்தவை எல்லாம் பழைய மடிக்கணினிகள். 4 ஜிபி ரேம் இருக்கும் மடிக்கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் (இலவச இயங்குதளம்) நிறுவினால் பிள்ளைகள் படிப்பதற்குத் தாராளமாகப் போதும். தானமாக வரும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. கழற்றி மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும்.

"நெட் வரவில்லை" என்று அடிக்கடி எழுந்த புகாரில் பாதி, இணைப்பின் குற்றமே அல்ல. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வில்லை பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி தவறாக இருந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது என்று பிரவுசர் எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திறக்க மறுக்கும். எனவே திரையின் மூலையில் தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு புகார் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வில்லையை மாற்றுகிறவர்கள் பழையதைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன வில்லைக்கும் அந்த ஆபத்து உண்டு.

கணினியைச் சின்னக் கைக்கு ஏற்றபடி மாற்றாமல் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரட்டைக் கிளிக் வராது. விரல் இரண்டாவது முறை அழுத்துவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடும். அதனால் ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைத்திருக்கிறோம். வலப்பக்கப் பொத்தானும் இடப்பக்கப் பொத்தானின் வேலையையே செய்யும்படி மாற்றியிருக்கிறோம். இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒரு தடவை மெனு விரிந்து பிள்ளை மிரண்டுவிடும். அம்புக்குறி பெரிது, அதன் வேகம் குறைவு. மவுஸ் பழக்கத்துக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பும் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளும் போட்டிருக்கிறோம். முன்னது 2000இலும் பின்னது 2002இலும் வெளிவந்த கட்டற்ற மென்பொருள்கள். விளம்பரம் கிடையாது, இணையமும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்கணக்கு உண்டு. கணக்கின் பெயர் மயில், யானை, ஆமை என்றுதான் இருக்கும். எந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை. இதில் விலக்கு கேட்டு யாரும் வர வேண்டாம்.

எதைப் படிக்கக் கொடுக்கிறோம் என்பதற்கு வருகிறேன். 2015இல் பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாகக் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் அச்சிடவும் பகிரவும் மாற்றவும் உரிமை தரும் பொது உரிமத்தில் அவை வெளியாகின்றன. ஆகவே கதைகளை முன்கூட்டியே இறக்கி, ஒரு கணினியில் கோலிப்ரி என்ற, இணையம் இல்லாமல் பாடங்களைப் பகிரும் மென்பொருளை நிறுவி, அதிலிருந்து மற்றக் கணினிகள் வைஃபை வழியே எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறோம். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வெளி இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் தளங்களில் கதையைக் காட்டத் தொடங்கி எங்கே போய் நிற்கும் என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரியும்.

மின்புத்தகங்களில் ஒரு வகையை நாம் முழுதாக ஒதுக்கிவிட்டோம். படத்தில் எங்கே தொட்டாலும் தவளை குதிக்கும், மணி அடிக்கும், பலூன் வெடிக்கும் வகை அது. பிள்ளை தவளையைத் தேடுமே தவிர வரியைத் தேடாது. கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும். கதையின் போக்கோடு ஒட்டிய அசைவும் ஒலியும் புரிதலுக்கு உதவுகின்றன, கதைக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டுகள் புரிதலைக் குலைக்கின்றன என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. கவர்ச்சியாக இல்லை என்று குறைப்பட்ட உறுப்பினர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் (தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமித்த பழைய முறையில்) செய்த பிடிஎஃப், கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். அப்படிப்பட்ட கோப்பை, எழுத்தைக் குரலாக மாற்றும் உரைவாசிப்பானால் வாசிக்க முடியாது, தேடவும் முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தில் உள்ளதா என்று இந்த ஒட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிட்டே கோப்பைச் சேர்க்கிறோம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். அளவு 24 புள்ளிக்குக் குறையாது, வரி இடைவெளி ஒன்றரை. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும். இரு பக்கமும் நேராக்கினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழுந்து, அடுத்த சொல் எங்கே என்று பிள்ளை தடுமாறும். அலங்கார எழுத்துருக்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் 'ர' என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது.

தட்டச்சில் இன்னொன்று. நோட்டில் 'கெ' எழுதும்போது பிள்ளை முதலில் கொம்பைப் போட்டுப் பிறகு 'க' எழுதுகிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் முதலில் 'க', பிறகு 'எ' அழுத்த வேண்டும். கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். கொம்புக்கென்று ஒரு விசையைத் தேடிப் பிள்ளை திணறும். அந்த நேரத்தில் "க்... எ... கெ" என்று உரக்கச் சொல்லவைத்து அழுத்தச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது விரல் வழியாகவே புரிந்துவிடுகிறது. பலகையில் எழுதி விளக்கி வராதது இதில் வருகிறது. கணினியைக் கொண்டு தமிழ் கற்பிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'பக்கம்' என்பதற்கு 'க'வை இரண்டு முறை அழுத்தினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் 'அக்கா', 'பட்டம்', 'அப்பா' என்று வரிசையாக அடித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒலிக்கு இயந்திரக் குரலை நம்பவில்லை. 'க', 'ச', 'ட', 'த', 'ப' ஆகியவை இடத்துக்கு இடம் ஒலி மாறுபவை. இலவச உரைவாசிப்பான்கள் அங்கே இடறுகின்றன, வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் வராது. எனவே உறுப்பினர்களின் குரலையே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யத் தீர்மானித்தோம். மைக் வாய்க்கு நேரே இருந்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதும் சத்தம் கேட்கும். ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும். நிதானமாக வாசிக்கலாம், எழுத்தெழுத்தாகப் பிரித்து வாசிக்கக் கூடாது. 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3ஆகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஆகும்.

கணினி முன் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்காக நடைமுறையைச் சொல்கிறேன். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், அருகில் ஒரு பெரியவர். முதலில் அட்டைப் படத்தைப் பார்த்துப் பேச்சு: யார் இது, என்ன செய்யப்போகிறது? அடுத்து ஒலியோடு ஒரு முறை கேட்கிறார்கள். அதன்பின் ஒலியை நிறுத்திவிட்டு, பெரியவர் பென்சில் முனையால் சொல்லின் அடியைக் காட்ட, பிள்ளை வாசிக்கிறது. ஒலி ஓடிக்கொண்டே இருந்தால் பிள்ளை காதால் கேட்டு மனப்பாடமாகச் சொல்லிவிடும், எழுத்தைப் பார்த்திருக்காது. வரி நிறம் மாறிக்கொண்டே போகும் புத்தகங்களிலும் இதே கதைதான்.

மவுஸ் எப்போதும் வாசிக்காத பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வாசிக்கிற பிள்ளையிடமே இருந்தால் கடினமான சொல் வந்ததும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். மற்றப் பிள்ளையிடம் இருந்தால் அது வரியைப் பின்தொடர்ந்து கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எப்போது பக்கம் திருப்புவது என்று அதற்குத் தெரியாது. ஆக, வாசிப்பு இருவருக்கும் நடக்கிறது. கதை முடிந்ததும் திரையை மூடிவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லவேண்டும், பிடித்த மூன்று சொற்களைத் தட்டச்சு செய்யவேண்டும். பிறகு அதே கதையின் அச்சுப்படியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம்.

ஒரு அமர்வு 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை. 2 முதல் 4 வயதுவரை உள்ளவர்கள் திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மிகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. வீட்டில் பார்க்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். நம் மூலையில் நான்கு வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு மடியில் வைத்துப் படித்துக்காட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்கும்படி வைத்திருக்கிறோம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரும். கால் தொங்காமல் இருக்கப் பலகை போட்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னபின் மனத்தில் உள்ளதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு வரியிலும் பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரியவர் இல்லாத நாளில் அதே கணினி, அதே கதை, அதே பிள்ளைகள்; ஆனால் பக்கங்கள் மளமளவென்று புரள்கின்றன, வாசிப்பு நடப்பதில்லை. பிள்ளைகள் ஏன் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில், யார் எந்த நாள் பிள்ளைகளோடு உட்காருவது என்று எழுதிய முறைப்பட்டியலில் இருக்கிறது. கைதூக்கியவர்களில் பெரும்பாலோர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். தொடர்ந்து வந்தவர்கள் சிலரே. வர முடியாது என்று முன்கூட்டித் தெரிவித்தால் மாற்று ஏற்பாடு செய்யலாம். தெரிவிக்காமல் நின்றுவிட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு ஆவலோடு ஓடி வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. குரல் பதிவுக்குக் கதைகளை வாங்கிச் சென்றவர்களில் பலர் இன்னும் கோப்பைத் தரவில்லை. இதனால் மூலை வாரத்தில் சில நாட்கள் பூட்டியே கிடந்தது. அதற்குச் செயலாளர் மட்டும் பொறுப்பாக முடியாது.

சந்தா நிலுவையும் அப்படியே. நினைவூட்டுக் கடிதம் அனுப்பியும் பதில் இல்லாதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். பிள்ளைகளை ஒருநாளும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். ஆனால் ஹெட்போன் காதுறைகள் நைந்துவிட்டன, மவுஸ்கள் மாற்ற வேண்டியிருக்கிறது, அச்சு மை தீர்ந்துகொண்டிருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவுக்குள் செலவு அடங்கியது; சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

கணினி தந்தவர்களுக்கும், இடம் தந்தவர்களுக்கும், லினக்ஸ் நிறுவ உதவிய இளைஞர்களுக்கும், தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குப் புதிய கணினி எதுவும் கேட்கப்போவதில்லை. இருப்பவை போதும். கணினிக்கு ஒருவராக, வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார ஆட்கள் இருந்தால் மூலை எல்லா நாளும் திறந்திருக்கும். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்து, பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் அவசரப்படாமல் காத்திருக்கத் தெரிந்தால் போதும். மற்றதை ஒரே அமர்வில் சொல்லித் தந்துவிடலாம். தாத்தா பாட்டிகள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள் என்பது என் கருத்து. போதிய பெயர்கள் சேராவிட்டால் மூலையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்கச் செயற்குழு யோசித்து வருகிறது.

முறைப்பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கிறது. சந்தாப் புத்தகத்துடன் பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்