விதி எழுதியவர் பெயர் எங்கே?

உலக அறிவியல் புனைவுச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அறிவியல் புனைவுக்குத் தரப்படும் ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைப்பதும் நீங்கள், வாக்களிப்பதும் நீங்கள். நடுவர் குழு என்று தனியாக ஒன்றும் கிடையாது. அதனால்தான் இந்த மடலைத் தலைவருக்கோ செயலாளருக்கோ எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2024இல் கிளாஸ்கோவில் நடந்த உங்கள் உலக மாநாட்டில் சிறந்த விளையாட்டுக்கான ஹியூகோ 'பால்டர்ஸ் கேட் 3' கேமுக்குப் போனது. அதை ஆடியவர்கள் யாரும் லாய்செல் என்ற கோபக்காரப் போர்வீராங்கனையை மறந்திருக்க மாட்டார்கள். அவள் கித்யாங்கி இனம். அந்த கேமின் உலகம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்தது, இந்த இனமும் அப்படித்தான். அதை உருவாக்கியது யார் தெரியுமா? 1970களின் கடைசியில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த ஓர் இங்கிலாந்துச் சிறுவன். 'ஒயிட் டுவார்ஃப்' என்ற விளையாட்டு இதழுக்குத் தான் உருவாக்கிய உயிரினங்களை எழுதி அனுப்பிவந்தான். 1981இல் வந்த 'ஃபியண்ட் ஃபோலியோ' என்ற உயிரினத் தொகுப்பில் கித்யாங்கி அட்டைப்படத்துக்கே வந்துவிட்டது. அந்தச் சிறுவன்தான் சார்லஸ் ஸ்ட்ராஸ். பின்னாளில் குறுநாவலுக்காக மூன்று முறை நீங்களே ஹியூகோ கொடுத்தீர்களே, அதே ஸ்ட்ராஸ்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கித்யாங்கி என்ற பெயரை ஸ்ட்ராஸ் எடுத்தது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 1977ஆம் ஆண்டு நாவலிலிருந்து. அப்புறம் மார்ட்டினே ஒரு கேமுக்குத் தொன்மக் கதை எழுதினார். 'எல்டன் ரிங்' என்ற அந்த கேமுக்கு 2022ஆம் ஆண்டுக்கான நெபுலா (அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் தரும் விருது) கிடைத்தபோது ஹிடெடாகா மியாசாகியின் பெயரோடு மார்ட்டினின் பெயரும் இருந்தது. நாவலிலிருந்து ஒரு பெயர் மேசை விளையாட்டுக்குப் போய், அங்கிருந்து கணினிக்குப் போய், கடைசியில் ஹியூகோ மேடைக்கே வந்துவிட்டது. ஆனால் கிளாஸ்கோவின் விருதுப் பட்டியலில் அந்த வெற்றிக்கு நேராக இருப்பது ஒரே பெயர்: தயாரித்த ஸ்டூடியோ. ஸ்ட்ராஸை விடுங்கள், அது நாற்பது வருடத்துப் பழைய கதை. அந்த கேமின் வசனத்தை எழுதியவர்கள், கதையைக் கட்டியவர்கள் பெயர்கூட அங்கே இல்லை.

நான் கேட்க வந்தது இதைத்தான். நாவலும் எழுதி கேமும் வடிவமைக்கும் ஒருவரின் வாழ்க்கையை நீங்கள் பாதிதான் படிக்கிறீர்கள். மீதிப் பாதியைப் பொழுதுபோக்கு என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறீர்கள்.

"விளையாட்டு விதி எல்லாம் இலக்கியமா?" என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. சரி, மார்க் மில்லரை எடுத்துக்கொள்வோம். 1977இல் 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டை அவர் வெளியிட்டார். ஒரு சின்னப் பெட்டி, உள்ளே மூன்று கறுப்புக் கையேடுகள், அவ்வளவுதான். அதில் ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டுமானால் அவருடைய பணிவாழ்க்கையைப் பகடை உருட்டி எழுத வேண்டும். பதினெட்டு வயதில் கடற்படையிலோ தரைப்படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறார். நான்கு நான்கு ஆண்டுகளாகக் காலம் ஓடுகிறது. பதவி உயர்வு கிடைத்ததா, பகடை. அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்வார்களா, பகடை. உயிரோடு இருக்கிறாரா, அதுவும் பகடை! அதில் தோற்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போய்விடும். முப்பத்துநான்கு வயதைத் தொட்டால் முதுமை உடம்பைத் தின்ன ஆரம்பிக்கும். இன்னும் நாலு வருடம் இருந்தால் கூடுதல் திறமை கிடைக்கும், ஆனால் திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லை. தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் பொருந்துவதன் அர்த்தம் எனக்கு அந்தக் கையேட்டைப் படித்தபோதுதான் உறைத்தது. அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய ஒருவர் எழுதிய விதி அது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அதே விளையாட்டில் இன்னொரு விதி. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கிட்டத்தில் தாவினாலும் எட்டத்தில் தாவினாலும் அதே ஒரு வாரம். கப்பலை முந்திக்கொண்டு போகும் செய்தித்தொடர்பு எதுவும் கிடையாது. கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இதன்படி ஒரு பேரரசைக் கட்டிப் பாருங்கள். எல்லையில் கலவரம் என்ற செய்தி தலைநகருக்கு வந்து சேர மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். பதில் உத்தரவு போய்ச் சேரும்போது கலவரம் முடிந்து வேறொன்று தொடங்கியிருக்கும். அப்படியானால் தூரத்து ஆளுநர்களுக்கு அதிகாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பிரபுக்கள் முறை வரும், தபால் கப்பல்கள் வரும், வதந்திக்கு விலை வரும். இத்தனை அரசியலும் அந்த ஒற்றை விதியிலிருந்து முளைக்கிறது. 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று கேட்பதுதான் அறிவியல் புனைவு என்றால், இதைவிடச் சுத்தமாக அந்தக் கேள்வியைக் கேட்ட நாவல்கள் குறைவு.

மில்லர் 2015இல் 'ஏஜென்ட் ஆஃப் தி இம்பீரியம்' என்ற நாவலை எழுதினார். தலைநகரிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியாது, சரி, முடிவெடுக்கும் ஆளின் மனத்தையே பதிவு செய்து ஒரு வில்லையில் முன்கூட்டியே அனுப்பிவைத்தால்? நெருக்கடி வரும்போது யாரோ ஒருவர் உடம்பில் அந்த வில்லையைச் செருகுவார்கள், பேரரசரின் பெயரால் அவர் முடிவெடுப்பார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் எழுதிய விதியின் தர்க்கம் நாவலாக விளைந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு, 'விளையாட்டுக்காரர் ஒருவர் வயதான காலத்தில் நாவல் முயன்றார்' என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அவர் 1977இலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. டக்ளஸ் ஆடம்ஸ் தன் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட்' கதையை ஸ்டீவ் மெரெட்ஸ்கியோடு சேர்ந்து 1984இல் உரை விளையாட்டாக்கினார், அதாவது படமில்லாமல் எழுத்தை மட்டும் படித்து, கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் கணினி விளையாட்டு. அதில் ஆடுபவர் கையில் 'தேநீர்' ஒரு பொருள், 'தேநீரின்மை' இன்னொரு பொருள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால் தன் மூளைக்குள்ளேயே போய்ப் பொதுப்புத்தியைப் பிடுங்கி எடுத்துவிட்டு வர வேண்டும். புத்தகத்தில் இதைப் படித்தால் சிரிப்போம், கேமில் அதை நம் கையாலேயே செய்கிறோம். எழுத்தாளர் ஹார்லன் எலிசன் கதை வேறு மாதிரி. அவர் தட்டச்சுப் பொறியை விடாத மனிதர். மனித இனத்தை அழித்த ஒரு கணினி ஐந்து பேரை மட்டும் விட்டுவைத்து வதைப்பதுதான் அவருடைய புகழ்பெற்ற சிறுகதை ஒன்று. அது கேம் ஆனபோது, உடன் வேலை செய்த வடிவமைப்பாளர், அந்த ஐந்து பேரை மட்டும் கணினி ஏன் உயிரோடு வைத்தது என்று கேட்டார். எலிசன் அதுவரை யோசிக்காத கேள்வி அது. 1995இல் வந்த அந்த கேம் முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் தரப்பு வரலாறும் எனக்குத் தெரியும். 2006இல் வீடியோ கேமுக்கு ஒரு சிறப்புப் பிரிவு அறிவித்து, ஆர்வம் போதவில்லை என்று கைவிட்டீர்கள். 2021இல் மறுபடி ஒருமுறை வைத்தீர்கள், 'ஹேடிஸ்' வென்றது. 2024இலிருந்து வழக்கமான பிரிவாகவே வந்துவிட்டது. நல்லது, நன்றி. ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளின் இறுதிப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு படைப்புகள், பன்னிரண்டும் திரையில் ஆடுபவை. காகிதமும் பகடையுமாக ஆடும் ஒன்றுகூட இல்லை. பிரிவின் விதியில் அதற்குத் தடை ஏதும் இல்லை, நீங்கள் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதான். எழுத்தாளர் சங்கத்தின் நெபுலா 2021ஆம் ஆண்டுக்கான விருதை ஒரு மேசை விளையாட்டுக்கே கொடுத்தது, எழுதிய ஏப்ரல் கிட் வால்ஷின் பெயரைச் சொல்லி.

'ஒரு கேமில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள், யார் பெயரைப் போடுவது?' என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திரைப்படத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். நாடகப் படைப்புக்கான ஹியூகோவில் திரைக்கதை யார், இயக்கம் யார் என்று பெயர் போடத்தானே செய்கிறீர்கள்? 2025இல் 'கேவ்ஸ் ஆஃப் குட்' வென்றபோது உருவாக்கிய பிரையன் பக்லூ, ஜேசன் கிரின்பிளாட் பெயர்களையும் போட்டீர்கள். முடியாத காரியமில்லை என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். சின்னக் குழுவுக்கு முடிந்தது பெரிய ஸ்டூடியோவுக்கும் முடிய வேண்டும். கதை யார், வடிவமைப்பு யார் என்று அந்த ஸ்டூடியோவிடமே எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள், அங்கே இருக்கும்.

அடுத்த பரிந்துரைக் காலம் வரும்போது உங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பகடைப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடந்த ஆண்டு வெளிவந்த புதிய கையேடு எதையாவது ஆடியிருந்தால் அதையும் படிவத்தில் சேருங்கள், எழுதியவர் பெயரோடு.

அன்புடன்,
இரண்டு அலமாரியிலிருந்தும் படிக்கும் ஒரு வாசகன்