பள்ளிவாசல் சுவருக்கு வெளியே நிற்கும் பெண்கள்: டெல்டா ஜமாஅத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பள்ளிவாசல் முத்தவல்லிகளுக்கும், ஜமாஅத் நாட்டாண்மைகளுக்கும், நிர்வாகப் பெரியவர்களுக்கும்.

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் ஒரு மாலை, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பள்ளிவாசலில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஓர் ஊர் தலைகுனியும், மற்ற ஊர்கள் நமக்கில்லை என்று இருந்துவிடும். நாகூரிலிருந்து தஞ்சை வரை எந்தச் சாலையிலும் நடக்கக்கூடியதுதான் அது.

மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய ஒரு தாயும் இரண்டு மகள்களும், அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கிறதே என்று பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார்கள். "பொம்பளைங்களுக்கு இங்கே இடம் கிடையாதும்மா" என்று பதில் வந்தது. சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, உண்மையிலேயே இடம் இல்லை. மூவரும் டீக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, நின்றிருந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒதுங்கினார்கள். மூத்த மகள் தன் துப்பட்டாவை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அதன் மறைவில் தாய் புர்காவின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி, தலையை மூடும் மக்கனாவின் ஊக்கைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, தலையைத் தடவி, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவைச் செய்தார். துப்பட்டாவை விரித்துப் பிடித்திருந்த அந்த நேரமெல்லாம் பிடித்தவளின் தலையில் ஒன்றும் இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

உம்மாவின் மறைப்புக்காக மகள் தன் மறைப்பைக் கழற்றினாள். பத்தடிக்கு அந்தப் பக்கம், சுவருக்கு உள்ளே, ஒளு செய்யும் தொட்டியான ஹவுள் நிறையத் தண்ணீர்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பேருந்துச் சாலையில் இருக்கும் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும், பெண்கள் ஒளு செய்யவும் தொழவும், தனி வாசலோடு மறைவான ஓர் அறை வேண்டும்.

ஹிஜாபின் மகிமை பற்றி வெள்ளிக்கிழமை பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லின் பொருளை உங்களுக்கு நினைவுபடுத்த அனுமதியுங்கள். குர்ஆனில் ஹிஜாப் என்ற சொல் 7 இடங்களில் வருகிறது. ஓர் இடத்தில்கூட அது பெண்ணின் தலைத்துணியைக் குறிக்கவில்லை. திரை, தடுப்பு என்பதுதான் பொருள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் தம் மக்களை விட்டு ஒதுங்கி இட்டுக்கொண்ட திரைக்கும் அதே சொல்தான். உடைக்கு உரிய சொற்கள் வேறு: அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் கிமார், அல்அஹ்ஸாபின் 59ஆம் வசனத்தில் ஜில்பாப். நம் ஊரில் முக்காடு, துப்பட்டி, மக்கனா, புர்கா என்று தலைமுறைக்கு ஒன்றாக மாறி வந்ததெல்லாம் இந்த இரண்டையும் நிறைவேற்றும் வழிகள். அவற்றை நாங்கள் மனமுவந்து அணிகிறோம். உடை வேண்டாம் என்று வாதிட இந்த மடல் இல்லை.

அல்அஹ்ஸாபின் 53ஆம் வசனத்தில் ஹிஜாப் என்ற சொல் வரும்போது அல்லாஹ் பேசுவது ஆண்களிடம். நபியின் மனைவியரிடம் ஏதேனும் கேட்பதானால் திரைக்குப் பின்னால் நின்று கேளுங்கள் என்கிறான். அந்நூரிலும் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தச் சொல்லி ஆண்களிடம் பேசிவிட்டுத்தான், 31ஆம் வசனம் பெண்களிடம் வருகிறது. வெட்கம் ஈமானில், இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்ற ஹதீஸைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அது ஓர் ஆணைக் குறித்துச் சொல்லப்பட்டது: அளவுக்கு மீறி வெட்கப்படுகிறாய் என்று தன் சகோதரரைக் கண்டித்துக்கொண்டிருந்த ஓர் அன்சாரியிடம், அவரை விட்டுவிடு என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னார்கள். நபியவர்கள் தொழுகை முடித்து ஸலாம் கொடுத்த பிறகு சற்று நேரம் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், ஆண்களும் எழ மாட்டார்கள், பெண்கள் முதலில் வெளியேறுவதற்காக. மதீனாவில் நபியின் பள்ளிவாசலில் ஒரு வாசலுக்கு இன்றும் பாபுன்னிஸா, பெண்கள் வாசல், என்றுதான் பெயர். ஹயா எனும் வெட்கத்தின் ஒரு பாதி பெண் உடுத்துவது. மறுபாதி அவளுக்கு ஆண்கள் ஏற்படுத்தித் தரும் மறைவு. முதல் பாதியை நாங்கள் சுமக்கிறோம்.

நிர்வாகிகள் எல்லோரும் ஆண்களாக இருப்பதால், புர்கா போட்ட ஒரு பெண்ணுக்கு ஒளு என்பது என்ன வேலை என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டைக்கையை மடித்துவிட்டால் உங்களுக்கு முடிந்தது. அவள் முதலில் மக்கனாவில் இருக்கும் மூன்று நான்கு ஊக்குகளைக் கழற்றி எங்காவது வைக்க வேண்டும். உள்தொப்பியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்த மார்க்கச் சட்ட வழியில், தலையில் ஒரு சிறு பகுதியைத் தடவினாலும் போதும், ஹனஃபியில் கால் பகுதி தடவ வேண்டும். இரண்டிலும் துணியின் மேல் தடவினால் ஒளு கூடாது. புர்காவின் மணிக்கட்டுப் பட்டன் இறுக்கமானது, முழங்கைக்கு மேல் ஏறாது, ஆகவே பெரும்பாலும் புர்காவையே கழற்றித்தான் ஆக வேண்டும். காலுறையைக் கழற்றிக் கணுக்காலுக்கு மேல் கழுவ வேண்டும். இத்தனையும் முடித்து ஈரத்தோடு மறுபடி எல்லாவற்றையும் போட்டு ஊக்குக் குத்த, கண்ணாடி இருந்தால் 5 நிமிடம், இல்லாவிட்டால் 10 நிமிடம். திறந்த முற்றத்தில் ஹவுளின் படியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியுமா என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு கிளம்பலாமே என்பார்கள். நாகூர், நாகை, அதிராம்பட்டினம் பக்கம் ஷாஃபி அதிகம். அந்த மத்ஹபில் அந்நிய ஆணின் தோல் பெண்ணின் தோலில் நேராகப் பட்டாலே ஒளு முறியும். மாலை 5 மணிக்கு திருவாரூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்ணின் ஒளு, யாரும் தப்பு செய்யாமலே, கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது முறிந்துபோகும். தண்ணீருக்குப் பதில் மண்ணால் தயம்மும் செய்யலாமே என்பார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் தயம்மும் இல்லை. காவிரி பாயும் ஊரில் எங்களுக்குப் பஞ்சம் தண்ணீருக்கு இல்லை, சுவருக்கு. ஊர் போய் இரவுத் தொழுகையான இஷாவோடு சேர்த்துத் தொழலாமே என்பார்கள். ஹனஃபியில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர இரண்டு வக்துகளைச் சேர்த்துத் தொழும் சலுகையே கிடையாது. ஷாஃபியில் உண்டு, ஆனால் பயணம் சுமார் 80 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். திருவாரூரிலிருந்து நாகை போகிறவளும், மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகிறவளும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மார்கழியில் 6 மணிவாக்கிலேயே சூரியன் மறைகிறது. அடிவானத்தில் அந்தி ஒளி மறைந்தால் மஃரிப் போயிற்று, ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தினமும் பஸ்ஸில் கழிக்கிறார்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு அந்தக் கூட்டம் பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறப்பு என்ற ஹதீஸை எங்களுக்குச் சொல்ல வேண்டாம், நாங்களே ஒப்புக்கொள்கிறோம். அந்த ஹதீஸ், உங்கள் பெண்களைப் பள்ளிவாசலை விட்டுத் தடுக்காதீர்கள் என்றுதான் தொடங்குகிறது. வீடு சிறந்தது என்பது அதற்குப் பிறகு வருகிறது. தவிர, பேருந்து நிலையத்தில் நிற்பவளுக்கு அங்கே வீடு ஏது? பெண்களுக்கு இடம் விட்டால் அது தவ்ஹீத் இயக்கத்தாரின் பழக்கம் ஆகிவிடும் என்று சில பெரியவர்கள் தயங்குவதும் தெரியும். ஜமாஅத்தாகத் தொழவோ ஜும்ஆவுக்கு வரவோ இங்கே யாரும் கேட்கவில்லை. இமாமின் குரல் கேட்க ஸ்பீக்கர்கூட வேண்டாம். வழிப்போக்கான ஒரு பெண் தனியாக மஃரிபின் 3 ரகஅத் தொழுதுவிட்டுப் போக ஒரு மறைவு. இதில் எந்த மத்ஹபுக்கும் எந்த இயக்கத்துக்கும் சண்டை இல்லை.

கட்டுவதானால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சில ஊர்களில் நல்ல மனதோடு கட்டி, பெண்கள் நுழையாமல் பூட்டிக் கிடக்கிறது. ஏனென்றால் சாவி பாங்கு சொல்லும் மோதினாரிடம் இருக்கிறது, மோதினார் ஆண்கள் பக்கத்தில் இருக்கிறார். பத்து ஆண்கள் நடுவே போய்ச் சாவி கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறாள். மாலைத் தொழுகையான அஸரிலிருந்து இஷா வரையாவது வெளிப்பூட்டு இல்லாமல், உள்தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும். வாசல் தெருவைப் பார்த்துத் தனியாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே தெரியாதபடி, வாசலுக்கு உள்பக்கம் ஆறரை அடி உயரத்தில் ஒரு குறுக்குச் சுவர். துணித்திரை மட்டும் போட்டால் கடல்காற்றில் நிற்காது. கடலோர ஊர்களில் இரும்புத் தாழ்ப்பாள் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், பித்தளையோ ஸ்டீலோ போடுங்கள். பள்ளிவாசல் வாசலில் இருக்கும் கேமரா இந்த வழியைப் பார்க்கக் கூடாது.

உள்ளே 10 அடிக்கு 8 அடி போதும். மூன்று குழாய். 16 அங்குல உயரத்தில் உட்காரும் திண்டு, எதிரே கால் வைக்க ஒரு கல், குழாய், வடிகால் தரையிலிருந்து இரண்டரை அடியில். புர்கா மாட்டும் ஆணி மிக முக்கியம். நான்கடி உயரத்தில் அடித்துவிடுகிறார்கள். 56 அங்குல புர்கா நாலடி எட்டு அங்குலம். அந்த ஆணியில் மாட்டினால் கீழ் ஓரம் அழுக்குத் தண்ணீரில் கிடக்கும், அதை உடுத்தி எப்படித் தொழுவது? ஆறடியில் அடியுங்கள். ஊக்கு வைக்கக் கையகலத்தில் ஒரு பலகை, இல்லாவிட்டால் ஊக்கு ஈரத்தரையில் விழுந்து அடுத்தவள் காலில் ஏறும். ஒரு முகக்கண்ணாடி. காற்றுக்கு ஏழடிக்கு மேல் வெண்டிலேட்டர். தொழும் பக்கம் தரை நான்கு அங்குலம் உயர்ந்து காய்ந்திருக்கட்டும், தொழும்போது நோக்கும் கிப்லா திசைக்குச் சுவரில் ஒரு குறி, துவைத்த மக்கனா இரண்டு. கழிவறையைப் பள்ளிவாசலின் தொழும் எல்லைக்கு வெளியே, தெருப்பக்கம் கட்டுங்கள். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் பள்ளிக்குள் வரமாட்டாள், ஆனால் அன்றுதான் அவளுக்கு அந்த அறை அதிகம் தேவை.

செலவு என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. அண்மைக் காலத்தில் எத்தனை ஊர்ப் பள்ளிவாசல்களில் ஏசி போட்டிருக்கிறோம், எத்தனை ஊர் எல்லையில் ஆர்ச் எழுப்பியிருக்கிறோம்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம் அது. அந்தப் பிள்ளைகளின் உம்மாவும் மனைவியும்தான் லாரி மறைவில் நிற்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், கோபமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் முக்காடில்லாமல் இந்தத் தெருவில் நடக்க வேண்டாம் என்று பலகை வைக்கும் ஜமாஅத், பெண்கள் மதரஸா விடும் நேரத்தில் எதிரே மதகுக் கட்டையில் உட்கார்ந்து பார்க்கும் பையன்களை எழுப்பி அனுப்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கல்யாண மஹாலில் பெண்கள் பந்திக்குள் வீடியோக்காரர் நுழைவதைத் தடுத்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் உடையின் நீளத்தை அளக்கத் தெரிந்த உங்களுக்கு எங்கள் கூச்சம் எவ்வளவு என்று தெரியவில்லையே என்பதுதான் வருத்தம்.

பெரியவர்களைக் கடிந்து பேசுவது எங்கள் நோக்கமில்லை. அத்தாவிடமும் வாப்பாவிடமும் பிள்ளைகள் கேட்பதைப் போலத்தான் கேட்கிறோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். பெண்களுக்கு ஒளு செய்யவும் தொழவும் தனி வாசலோடு ஓர் அறை என்று தீர்மானம் எழுதுங்கள். திட்டம் போடும்போது ஊர்ப் பெண்கள் இரண்டு பேரிடம் அளவைக் காட்டிக் கேளுங்கள்.

கட்டி முடியும்வரை, பழைய பாய்களும் உடைந்த மின்விசிறியும் போட்டு வைத்திருக்கும் அறை எல்லாப் பள்ளிவாசலிலும் ஒன்று இருக்கும். இந்த வாரமே அதைக் காலி செய்து, ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு விளக்கு, உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுங்கள். சாலையில் நிற்பவள் யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள, வெளியே ஒரு பலகையில் 'பெண்கள் தொழ' என்று எழுதி அம்புக்குறி போடுங்கள்.

வஸ்ஸலாம்.

டெல்டா ஊர்களின் பெண்கள் சிலர்